தந்தியின் பேரப்பிள்ளை



என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையை வாங்கிப் பழகுகிறார்கள். விளக்கை எரிய வைக்கிறார்கள், வெப்பத்தை அளக்கிறார்கள். அதை மடிக்கணினியோடு இணைத்தால் சில சமயம் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்து கொட்டுகிறது. "பலகை கெட்டுப்போச்சு" என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பலகை கெட்டிருக்காது. காரணம் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு கதையில் இருக்கிறது. அந்தக் கதை சென்னை கிண்டி வழியாகவும் போகிறது.

அந்தப் பலகையும் கணினியும் பேசிக்கொள்ளும் முறைக்கு 'சீரியல்' என்று பெயர். வரிசை என்று பொருள். பள்ளிவிட்டதும் பிள்ளைகள் வாசல் வழியே ஒருவர் பின் ஒருவராக வெளியே வருவதுபோல, ஒரே கம்பியில் 0, 1 என்னும் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, தந்திக்காரர்கள் கண்டுபிடித்தது.

பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ, ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து குறிகள் என்று வகுத்து 1874-இல் காப்புரிமை பெற்றார். ஐந்து குறிகளை மாற்றி மாற்றி அடுக்கினால் 32 சேர்க்கை கிடைக்கும். குறிகள் போகும் வேகத்தை இன்றும் 'பாட்' என்று அவர் பெயரால்தான் அளக்கிறோம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. சொல்வதை எழுதுதல் நடத்தும்போது என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் வேகமாகச் சொல்லி, மாணவர் மெதுவாக எழுதினால், நடுவில் ஒரு சொல் விட்டுப்போய் அதன்பின் எல்லாமே குழப்பம்தான். இரு ஊர்களில் ஓடும் இரு மோட்டார்களும் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவில் சார்லஸ் கிரம், அவர் மகன் ஹோவர்ட் கிரம் ஆகியோர் இதற்கு எளிய வழி கண்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் 'தொடங்கு' என்று ஒரு குறி, பின்னால் 'நிறுத்து' என்று ஒரு குறி. எழுத்துக்கு எழுத்து புதிதாகத் தொடங்குவதால் சிறு வேக வேறுபாடு சேர்ந்து பெருகாது. இந்த முறையில் ஓடியதுதான் டெலிபிரிண்டர்.

1960-இல் மத்திய அரசு கிண்டியில் 'ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ்' ஆலையைத் தொடங்கியது. தொழில்நுட்பம் தந்தது இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம். 50 பாட் வேகத்தில் நிமிடத்துக்கு 400 எழுத்து போகும். 2001-இல் அரசு அந்த ஆலையின் பெரும்பங்கைத் தனியாருக்கு விற்றது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையும் நின்றது.

ஒலிவெட்டியின் தாய் ஊர் இவ்ரியா. அதே ஊரில், ஒலிவெட்டியின் பழைய கட்டடம் ஒன்றில் நடந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில்தான், மாசிமோ பான்சியும் நண்பர்களும் 2005-இல் ஆர்டுயினோவை உருவாக்கினார்கள். மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு பலகை வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். கிண்டிக்கு டெலிபிரிண்டர் வந்த ஊரிலிருந்துதான் உங்கள் பிள்ளையின் மேசைக்கு அந்தப் பலகையும் வந்திருக்கிறது. கிண்டிக்குப் பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸில் உருவான நம் 'சக்தி' செயலிகளும் இந்தச் சீரியல் முறையில் பேசக்கூடியவையே.

இடையில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்கக் காலக் கணினிகளுக்கு டெலிபிரிண்டரே விசைப்பலகை, அதுவே அச்சுப்பொறி. லினக்ஸ் கணினியில் இந்த இணைப்பின் பெயரில் 'டிடிஒய்' என்று வருவது 'டெலிடைப்' என்பதன் சுருக்கம். 1980-இல் இன்டெல் வெளியிட்ட 8051 சில்லுக்குள்ளேயே சீரியல் இணைப்பு இருந்தது. பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு அதனோடு வரும் 11.0592 மெகாஹெர்ட்ஸ் படிகம் நினைவிருக்கும். ஏன் அந்த விசித்திர எண்? 1,10,59,200-ஐ 12-ஆல், 32-ஆல், பிறகு 3-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 9600 வரும். முழுசாக 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 10,416 வரும். எட்டு விழுக்காட்டுக்கு மேல் பிழை. ஓர் எழுத்தின் பத்துக் குறிகள் முடிவதற்குள் கணக்கு தவறி, திரையில் குப்பை எழுத்து விழும்.

இப்போது பிள்ளைகளின் சிக்கலுக்கு வருவோம். நிரலில் எழுதிய பாட் எண்ணும் சீரியல் மானிட்டரில் தேர்ந்தெடுத்த எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் கோளாறு. தனிக் கம்பியால் இணைத்தால், அனுப்பும் முனையை எதிர்ப்பக்கத்தின் வாங்கும் முனையோடு சேர்க்க வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு, அவ்வளவுதான். கிரவுண்ட் கம்பியையும் மறக்கக் கூடாது. பழைய கணினியின் ஒன்பது முள் இணைப்பை மட்டும் நேராகப் பலகையில் சொருகாதீர்கள். அதன் மின்னழுத்தம் சில்லைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கம்பியில் தமிழ் எங்கே இருந்தது என்பதற்காக. திருவதிகையில் தந்தி வந்தால் தெருவே பதறும். வந்தது யார் சாவா, யார் பிறப்பா என்று வாங்கியவருக்கே தெரியாது, ஏனென்றால் அது ஆங்கில எழுத்தில் இருக்கும். படித்துச் சொல்ல வாத்தியார் வீட்டைத் தேடி வருவார்கள். என்னிடமும் வந்திருக்கிறார்கள். தன் தாயின் சாவுச் செய்தியை இன்னொருவர் வாயால் கேட்டவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 32 சேர்க்கைக்குள் நம் 247 எழுத்துக்கு இடம் ஏது?

இன்று யூனிகோடில் 'அ' என்னும் எழுத்து மூன்று பைட். 'அம்மா' பதினைந்து பைட். தொடங்கு, நிறுத்து குறிகளையும் சேர்த்தால் 150 குறிகள். 9600 பாட் வேகத்தில் அது போய்ச் சேர நொடியில் 64-இல் ஒரு பங்கு போதும். போவது அதே தொடங்கு–நிறுத்து முறையில்தான். ஆனால் வந்து விழுவது நம் எழுத்து.

ஆகவே உங்கள் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் 'ஹலோ' அனுப்பிப் பார்த்த கையோடு, தமிழிலும் ஒரு சொல் அனுப்பச் சொல்லுங்கள். திரையில் என்ன வந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள், படித்து மகிழ்வேன்.

வாழ்க வளமுடன்.
அன்புடன்,
உங்கள் ஆசிரியர், திருவதிகை