டிரெய்லர் அலைவு
டிரெய்லர் அலைவு என்பது இழுத்துச் செல்லப்படும் பெட்டி, கொக்கியை மையமாகக் கொண்டு இடமும் வலமுமாக ஆடுவதாகும். தஞ்சாவூர்ப் பகுதியில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு மூட்டை ஏற்றிச் செல்லும் ஒற்றை அச்சு டிராக்டர் டிரெய்லர்களுக்கும் இது பொருந்தும்.

முதன்மையான காரணம் பின்பாரம். அச்சுக்குப் பின்னால் எடை மிகும்போது கொக்கியின் மீதான அழுத்தம் குறைகிறது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்காமல் வளர்கிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் நுகத்தடியைத் தூக்குவதும் இதே கணக்குதான். கார் இழுக்கும் டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம்.

ஆட்டம் தொடங்கினால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருப்பின் அதை மட்டும் இயக்கலாம். டிராக்டரின் பிரேக்கைத் திடீரென மிதித்தால் பெட்டி பின்னிருந்து தள்ளி, வண்டி மடங்கிக் கவிழக்கூடும். வயலில் திரும்புவதற்காக இடம், வலம் எனத் தனித்தனியாக உள்ள பிரேக் மிதிகளைச் சாலையில் ஏறுமுன் இணைத்துப் பூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுபடும்.