யுனிக்ஸ் பயனர் கணக்கும் தமிழக இணைய வரலாற்றுச் சான்றுகளும்: புதுவை – விழுப்புரம் கடற்கரையை முன்வைத்து

முன்னுரை

தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தை எழுத முனைவோருக்கு எளிதில் கிடைக்கும் சான்று மின்னஞ்சல் முகவரி. 1990களில் சோக்.கல்ச்சர்.தமிழ் முதலிய செய்திக்குழுக்களில் எழுதியவர் யார், எவ்வூரினர் என்பதை முகவரியைக் கொண்டே முடிவு செய்யத் தோன்றும். அம்முகவரியோ பெரும்பாலும் யுனிக்ஸ் இயங்குதளத்தின் பயனர் கணக்கிலிருந்து பிறந்தது. அக்கணக்கு எதைப் பதிந்தது, எதை விட்டது என்பதை அறியாமல் முகவரியைச் சான்றாகக் கொள்வது பிழைக்கு இடந்தரும்.

ஒரு வரியில் ஒருவர்

'கணக்கு' என்ற சொல்லில் உள்ள வரவு செலவுப் பொருள் தற்செயலானதன்று. ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட 1960களில் எவர் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று அறிய வேண்டியிருந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யுனிக்ஸ் இந்தப் பேரேட்டை ஓர் எளிய உரைக்கோப்பாகச் சுருக்கியது. பயனர் ஒருவருக்கு ஒரு வரி. அதில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள்: பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், விளக்கக் குறிப்பு, இல்ல அடைவு, ஷெல். கோப்புகளுக்கான உரிமையைக் கணினி எண்ணைக் கொண்டே தீர்மானிக்கும்; பெயர் மனிதரின் வசதிக்கானது. சுழியம் என்ற எண்ணைப் பெற்றவரே 'ரூட்' எனும் தலைமை நிர்வாகி. ஒரு கணக்கைப் பத்துப் பேர் பயன்படுத்தினாலும் பேரேட்டில் ஒருவரே.

ஐந்தாம் புலமான விளக்கக் குறிப்பில் பயனரின் முழுப்பெயர், அறை எண், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுவது வழக்கம். 'ஃபிங்கர்' என்ற பிணையச் சேவை இக்குறிப்பை வெளியூர்க் கணினிகளுக்கும் காட்டியது. கணக்கையும் ஆளையும் இணைத்துக் காட்டிய சேவை இதுவே எனலாம். 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளுள் இச்சேவையும் ஒன்று. அதன்பின் நிர்வாகிகள் பலர் இதை மூடினர். சேவைகளைத் தேவைப்படும்போது எழுப்பும் 'இன்டெட்' செயலியின் அமைப்புக் கோப்பில் உரிய வரிக்கு முன் ஒரு குறியை இட்டு, கோப்பை அச்செயலி மீண்டும் படிக்கச் செய்தால் போதும். பாதுகாப்பு நோக்கில் இது சரியான முடிவே; வரலாற்றாய்வாளருக்கு இழப்பு.

சென்னைக் கணினியின் பெயர்

இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் இடம்பெற்றது. இவ்வலையில் முகவரி நிறுவனத்தைச் சுட்டியது. எழுதியவர் அந்நிறுவனத்தவர் என்று கொள்வதில் பெரும்பாலும் தவறில்லை. பொதுமக்களுக்கான சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்டில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியபோது நிலைமை மாறியது. மாணவர்க்கான கணக்கு ஷெல் கணக்கு. படங்கள் இல்லை, எழுத்து மட்டுமே. சென்னைச் சந்தாதாரரின் முகவரியில் ஜியாஸ்எம்டி01 என்ற கணினிப் பெயர் அமைந்தது. 'எம்டி' மெட்ராஸைக் குறித்தது.

அது கணினி இருந்த இடம். ஆள் இருந்த இடமன்று. புதுவைக்கு வடக்கே, வானூர் வட்டத்துக் கடலோர ஊரான பொம்மையார்பாளையத்திலிருந்து அன்று ஒருவர் சென்னைக் கணினியை அழைத்திருந்தால், வெளியூர் அழைப்புக் கட்டணம் ஏறியிருக்கும். முகவரியிலோ அவர் சென்னைக்காரராகவே தோன்றியிருப்பார். திண்டிவனத்தாருக்கும் இதுவே. தொடக்ககால இணையத்தைப் 'பெருநகரத்தாரின் இணையம்' என்று முகவரிகளை மட்டும் வைத்து எழுதுவது, ஆகவே, ஆராயாமல் எடுத்த முடிவு.

ஒலிபெருக்கியில் இணையம்

கணக்குக்கும் பயனருக்கும் உள்ள இடைவெளியை இக்கடற்கரையே தெளிவாகக் காட்டுகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுவைப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மைய நிலையம் கிராம நிலையங்களோடு கம்பியில்லாத் தொடர்பில் இணைக்கப்பட்டிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியாக அறிவித்தனர். கிராம நிலையங்களை நடத்திய தன்னார்வலர்களில் பெண்கள் கணிசமாக இருந்தனர்.

கடலுக்குப் போவதா வேண்டாமா என்று அந்த அறிவிப்பைக் கேட்டு முடிவெடுத்த மீனவர் எவருக்கும் பயனர் எண் இல்லை. வழங்கிக் கணினியின் பதிவேட்டில் காண்பது தளத்தை அணுகிய ஓர் இணைப்பு மட்டுமே. சந்தாதாரர் எண்ணிக்கையை இணையப் பயன்பாட்டின் அளவாகக் கொள்ளும் ஆய்வுகளில் இம்மக்கள் இடம்பெறுவதில்லை.

யார், எப்போது, எந்த இணைப்பிலிருந்து நுழைந்தார் என்பதை யுனிக்ஸ் 'டபிள்யூடிஎம்ப்' என்ற கோப்பில் எழுதி வந்தது. அது வளர்ந்துகொண்டே போவதால், வட்டில் இடம் வேண்டி அதை அவ்வப்போது வெட்டுவது நிர்வாகியின் வழக்கமான பணிகளுள் ஒன்று. எனவே எஞ்சியவை மடல்களும் அவற்றின் தலைப்பு வரிகளுமே. அன்றைய கணினி நிர்வாகிகளிடமும் கிராம நிலையங்களை நடத்திய பெண்களிடமும் வாய்மொழிப் பதிவுகளைத் திரட்ட இன்னும் காலம் இருக்கிறது. பலர் ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்டனர்.