பேனாக்கத்தி

1789இல் மோஸார்ட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் படுக்கையில் கிடந்தாள். ஜூலையில் வியன்னா வியாபாரி புஷ்பெர்கிடம் 500 குல்டன் கடன் கேட்கிறான், வந்தது 150. செப்டம்பர் 29இல் கிளாரினெட் குவின்டெட் முடிகிறது. நோவிலிருந்து இசை பிறந்ததாக எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

கான்ஸ்டன்ஸின் தங்கை ஸோஃபி, அக்காவின் ஒரு நோய்க்காலத்தைப் பின்னாளில் நினைவுகூர்கிறாள். கான்ஸ்டன்ஸ் தூங்குகிறாள்; கட்டிலருகே மோஸார்ட் இசை எழுதிக்கொண்டிருக்கிறான். சேவகன் ஒருவன் தடதடவென்று நுழைகிறான். அவனை அடக்க அவசரமாக நாற்காலியைப் பின்னே தள்ளியதில், கையிலிருந்த பேனாக்கத்தி மோஸார்ட்டின் தொடையில் பிடிவரை இறங்குகிறது. சின்ன வலியும் பொறுக்காதவன் சத்தமே போடவில்லை.

அறையைவிட்டுப் போகாமலிருக்க அந்த எழுத்து ஒரு வழி. என் மனைவி படுத்திருந்தபோது, வில் போடாமல் வயலின் தந்திகளில் விரலை மட்டும் ஓட்டி ஒரு வர்ணம் அமைத்துக்கொண்டிருந்தேன். விழித்தால் கேட்பாள்: "எதுவரைக்கும் வந்திருக்கு?"