மீண்டும் எழுந்த வீடு: அப்போமாட்டக்ஸ் கவுண்டியின் கட்டடங்கள்

வரலாற்றை அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் மட்டுமே தேடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின், பெரும்போர் ஒன்றின் போக்கையே முடித்துவைத்த ஒப்பந்தம், ஒரு சிற்றூர் வீட்டின் முன்கூடத்தில் எழுதப்பட்டதையும் வரலாறு காட்டுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அப்போமாட்டக்ஸ் கவுண்டியே அந்நிகழ்ச்சிக்குக் களம். கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. இதுவோ காடும் மேட்டு நிலமுமாக அமைந்த நாட்டுப்புறப் பகுதி. இங்குள்ள கட்டடங்களுள் எவை நிலைத்தன, எவை அழிந்தன, எவை மீண்டும் எழுப்பப்பட்டன என்று பார்த்தால், ஒரு சமுதாயம் எவற்றை நினைவிற்கொள்ள விரும்பியது, எவற்றை மறக்க முனைந்தது என்பதும் புலனாகும்.

பெயர் தரும் மயக்கம்

இவ்வூரின் பழம்பெயர் குளோவர் ஹில். ரிச்மண்டிலிருந்து லிஞ்ச்பர்க் செல்லும் குதிரை வண்டிச் சாலையில் பயணிகள் தங்கிச் செல்லும் ஓர் இடமாக இது இருந்தது. 1819ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற குளோவர் ஹில் விடுதி இன்றும் அங்கு நிற்கின்றது. 1845இல் அண்டைக் கவுண்டிகள் நான்கிலிருந்து நிலம் பிரித்துப் புதிய கவுண்டி அமைத்தபோது, இவ்வூர் அதன் தலைமையிடமாயிற்று. 1846இல் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. நீதிமன்றம் உள்ள ஊரைக் 'கோர்ட் ஹவுஸ்' என்று சேர்த்து அழைப்பது வர்ஜீனிய வழக்கு. ஆகவே ஊரின் பெயரே அப்போமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் என வழங்கலாயிற்று.

இப்பெயரால் ஒரு மயக்கம் நேர்ந்தது. தளபதி இராபர்ட் லீ சரணடைந்தது அந்த நீதிமன்றத்தில்தான் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. 1865 ஏப்ரல் 9 குருத்தோலை ஞாயிறு. நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. ஆகவே சந்திப்புக்கு ஏற்றதொரு வீட்டைத் தேட வேண்டியதாயிற்று. கிடைத்தது வில்மர் மெக்லீன் என்பாரின் செங்கல் வீடு.

கூடத்தில் நிகழ்ந்தது

மெக்லீனின் வாழ்வில் விதி விளையாடியது எனலாம். 1861இல் அவர் மனாசஸ் என்னும் ஊரருகே வாழ்ந்தார். உள்நாட்டுப் போரின் முதற்பெரும் மோதலையொட்டி, தென்மாநிலப் படைத்தலைவர் ஒருவர் அவர் பண்ணை வீட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். பீரங்கிக் குண்டொன்று வீட்டின் அடுப்பங்கரையிலும் விழுந்தது. போரினின்றும் விலகி வாழக் கருதி அவர் குடியேறிய ஊரே இது. நான்காண்டுகள் கழித்துப் போர் அவரைத் தேடி வந்து கதவைத் தட்டியது.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் லீயும் வடமாநிலத் தளபதி யுலிசிஸ் கிராண்டும் அம்முன்கூடத்தில் அமர்ந்து பேசினர். கிராண்ட் வகுத்த சரணடைவு நிபந்தனைகளைப் படியெடுத்து எழுதியவர் ஈலி பார்க்கர். அவர் செனெக்கா என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. தோற்ற வீரர்கள் சிறைப்படாமல் வீடு திரும்பலாம். சொந்தக் குதிரைகளையும் உழவுக்குக் கொண்டு செல்லலாம். அவர்களுக்குரிய விடுப்புச் சீட்டுகள் ஏறத்தாழ 28,000 குளோவர் ஹில் விடுதியில் இரவு பகலாக அச்சிடப்பெற்றன. பிற தென்மாநிலப் படைகள் பணியச் சில வாரங்கள் ஆயின எனினும், போரின் முடிவு இங்கேயே உறுதியாகிவிட்டது.

தளபதிகள் வெளியேறியதும் கூடம் வெறுமையாயிற்று. உடனிருந்த அதிகாரிகள் நினைவுப் பொருள்களைத் தேடினர். லீ அமர்ந்த மேசை ஒருவரிடமும் கிராண்ட் எழுதிய மேசை மற்றொருவரிடமும் சென்றன. மெக்லீனின் மகள் லூலாவின் துணிப்பொம்மையையும் ஓர் அதிகாரி எடுத்துச் சென்றார். அது 1990களில்தான் ஊர் திரும்பியது. மேசைகளோ திரும்பவில்லை, சிகாகோ, வாஷிங்டன் நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன. இன்று கூடத்தில் நாம் காண்பவை அவற்றின் படிகளே.

இடிந்ததும் எழுந்ததும்

ஊரின் வீழ்ச்சிக்கு இருப்புப்பாதை முதற்காரணம். அது ஊரைத் தொடாமல், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளிச் சென்றது. 1892இல் நீதிமன்றம் தீக்கிரையானது. கவுண்டியின் ஆவணங்களுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதன்பின் தலைமையிடமும் இரயில் நிலையத்தை ஒட்டிய ஊருக்கு மாறியது. பழைய ஊர் ஆளொழிந்தது.

மெக்லீன் வீட்டுக்கு நேர்ந்தது இதனினும் விந்தையானது. அதனை வாங்கிய வணிகர்கள், வாஷிங்டன் நகருக்குப் பெயர்த்துச் சென்று, கட்டணம் பெற்றுக் காட்ட எண்ணினர். அளவெடுத்து வரைபடங்கள் எழுதினர்; 1893இல் வீட்டைப் பிரித்து அடுக்கினர். அவ்வாண்டில் நாட்டைப் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. செங்கற்குவியலும் மரங்களும் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. வந்தவர்கள் வந்தவாறு எடுத்துச் சென்றனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், அவ்வீடு இருந்த இடம் புதர் மண்டிக் கிடந்தது.

1940இல் அமெரிக்க அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அகழாய்வு தொடங்கிய நிலையில் இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டது. போர் முடிந்தபின் பணி தொடர்ந்து, 1949 ஏப்ரல் 9ஆம் நாள் வீடு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்றது. 1950இல் நடந்த விழாவில் இரு தளபதிகளின் வழித்தோன்றல்களும் கலந்துகொண்டனர். 1960களில் நீதிமன்றமும் பழைய இடத்திலேயே மீண்டும் கட்டப்பெற்றது. வீட்டை அழிக்க முற்பட்டோர் எழுதிய வரைபடங்களே அதனை மீண்டும் எழுப்பத் துணையாயின என்பது எண்ணி வியக்கத்தக்கது.

வீட்டின் பின்புறம்

இனி நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. மீட்கப்பட்டது யாருடைய நினைவு? போர்க்காலத்தில் இக்கவுண்டியின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். மெக்லீன் வீட்டின் பின்புறம் சமையற்கட்டும் அடிமைகளின் குடிலும் இன்று மீண்டும் எழுப்பப்பட்டு நிற்கின்றன. ஆயினும், வருவோரின் கண்கள் முதலில் தேடுவது மேசை கிடந்த முன்கூடத்தையே.

1865 ஏப்ரல் 9 காலை நிகழ்ந்த போரில், கோல்மன் என்னும் மருத்துவரின் வீட்டைத் துளைத்த பீரங்கிக் குண்டு, அங்கு அடிமையாயிருந்த ஹன்னா ரெனால்ட்ஸ் என்னும் பெண்மணியைத் தாக்கியது. அவர் அன்றே இறந்தார் என நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர்க் கண்டறியப்பட்ட இறப்புப் பதிவு, அவர் ஏப்ரல் 12 வரை உயிரோடிருந்ததைக் காட்டியது. இம்மூன்று நாள் வேறுபாடு சிறிதன்று. அடிமையாகக் காயமுற்ற அவர், லீயின் படை பணிந்தபின், விடுதலை பெற்றவராக இறந்தார். ஓர் ஏட்டின் ஒற்றை வரி ஒரு பெண்ணின் வாழ்வுக்கு வேறொரு முடிவை எழுதிற்று. 2015இல், நூற்றைம்பதாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிகளில் அவருக்கு இரங்கலுரை நிகழ்த்தப்பெற்றது. கவுண்டியில் விடுதலை பெற்ற அடிமைகளை நினைந்து 4,600 விளக்குகளும் ஏற்றப்பெற்றன.

நிறைவாக

சிதைந்த சுவடியைப் பதிப்பிப்போர், மூலத்தில் உள்ளது இது, தாம் ஊகித்துச் சேர்த்தது இது என்று பிரித்துக் காட்டுவது கடமை. மீண்டும் கட்டிய கட்டடத்துக்கும் அந்நேர்மை வேண்டும். அப்போமாட்டக்ஸ் வீடு, தான் மறுபடி கட்டப்பட்டது என்பதை மறைக்கவில்லை. அதனால் அதன் மதிப்பும் குறையவில்லை. செங்கல் போனாலும் அளவு இருந்தால் சுவரை எழுப்பலாம். பெயர் போனால் எதைக் கொண்டு எழுப்புவது? ஹன்னாவின் பெயர் ஒரு பதிவில் எஞ்சியிருந்ததால் அவர் நமக்குக் கிடைத்தார். அந்த 4,600 விளக்குகளுள் மிகப்பல பெயர் அறியப்படாதோர்க்கே எரிந்தன. அவர்களுக்கு வீடு கட்ட இனிச் சொல் ஒன்றே உண்டு. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் அதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.