சவுக்கு விறகும் பப்ஸும்: பேசின் பிரிட்ஜ் வட்டாரத்துப் பூரணப் பண்டங்கள்

மாவுக்குள் பூரணம் வைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் ‘பை’ குளிர்நாட்டு இலையுதிர்காலத்துப் பண்டம். ஆப்பிளும் பூசணியும் வீடு வந்து சேரும் அக்டோபர், நவம்பரில்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் கிராக்கி. சென்னையில் அந்த மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். பழந்தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் இந்தக் காலத்தில் வட சென்னைக்கும் பூரணப் பண்டங்கள் உண்டு. தீபாவளிக்குச் சோமாஸ், மழை மாலைக்குப் பப்ஸும் வெங்காயச் சமோசாவும், மழை ஓயும் டிசம்பரில் ஆங்கிலோ-இந்திய வீடுகளின் மின்ஸ் பை. இவற்றில் சில அடுப்பில் வெந்தன, சில எண்ணெயில் பொரிந்தன. அதை முடிவு செய்ததில் நாக்கின் ருசியைவிட விறகுக்கும் கொழுப்புக்கும் பங்கு அதிகம்.

விறகு வந்து இறங்கிய இடங்களில் ஒன்று பேசின் பிரிட்ஜ். சென்னையிலிருந்து எண்ணூர் வரை பாசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் 1806-இல் திறக்கப்பட்டது. பின்னர் அது வடக்கே ஆந்திரக் கரையோரமாகவும் தெற்கேயும் நீண்டது. 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக நகரத்துக்குள் அதன் இரு பகுதிகளும் இணைக்கப்பட்டபின், அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. நகரத்துப் படகுத்துறையாக இருந்த நீர்த்தேக்கத்தை ஒட்டியதே பேசின் பிரிட்ஜ். படகுகளில் முக்கியமாக வந்தவை உப்பும் விறகும். 19-ஆம் நூற்றாண்டில் கடற்கரை மணலில் பெருமளவு நடப்பட்ட சவுக்கு, பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா பக்கங்களிலிருந்து இந்த நீர்வழியாகவே நகரத்துக்கு வந்தது.

பேக்கரி அடுப்புக்குச் சவுக்கைப் போல ஒத்துவரும் விறகு குறைவு. அது சூடாக எரியும். அதன் தணல் நெடுநேரம் நிற்கும். செங்கல்லால் வளைவு கட்டிய அந்த அடுப்பில் தீ மூட்டுவது அறைக்கு உள்ளேயேதான். தரையும் கூரையும் சூடேறியதும் தணலை ஒதுக்கி, சாம்பலைத் துடைத்து, நீண்ட பிடியுள்ள மரத்துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவார்கள். அதன்பின் வேகவைப்பது செங்கல் உள்வாங்கிய சூடு. அது இறங்க இறங்க, கடும் சூடு கேட்கும் பண்டத்தில் தொடங்கி, நிதானச் சூட்டில் வேகும் கேக், பிஸ்கட் என்று போய், மீதச் சூட்டில் ரஸ்க் உலரும். ஒருமுறை மூட்டிய தீயைக் கடைசிவரை பயன்படுத்தும் அருமையான தொழில்நுட்பம் இது. ஆனால் ஒரு வீட்டின் தேவைக்கு இப்படி அடுப்பு மூட்டிக் கட்டுப்படியாகாது.

பை தின்னும் பழக்கத்தை இங்கே வேரூன்றச் செய்தது ரயில்வே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போயிற்று. அதே ஆண்டில் பெரம்பூர் பணிமனை தொடங்கியது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. அங்கிருந்து புறப்படும் ரயில்கள் வடக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் பிரியும் சந்திப்பாகப் பேசின் பிரிட்ஜ் வளர்ந்தது. டிரைவர், கார்டு, ஃபிட்டர் வேலைகளில் ஆங்கிலோ-இந்தியர் நிறைந்திருந்தார்கள். பெரம்பூர், வேப்பேரி, ராயபுரம் பகுதிகளில் அவர்களது குடும்பங்கள் வாழ்ந்தன. கைமாவை மசாலாவில் வதக்கி, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடும் பை அவர்களது சாதாரண நாள் சாப்பாடு. கிறிஸ்துமஸுக்கு, உலர்ந்த திராட்சையும் பழத்தோலும் ரம்மில் ஊறிய பூரணத்தோடு மின்ஸ் பை. பெயரில் மின்ஸ் இருந்தாலும் அதில் இறைச்சி இல்லை. பழைய இங்கிலாந்தில் இருந்தது, காலப்போக்கில் கழன்றுவிட்டது.

அந்த வீடுகளிலும் அடுப்புதான் சிக்கல். 1878-இல் சென்னையில் வெளியான கென்னி-ஹெர்பர்ட்டின் சமையல் நூல், இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறைகளின் அவலத்துக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. கனத்த பாத்திரத்துக்குள் தட்டை வைத்து மூடி, கீழேயும் மூடியின்மேலும் தணல் பரப்புவது ஒரு வழி. மேல்தணல் அதிகமானால் மூடி கருகும், குறைந்தால் மாவு வெளுத்துக் கிடக்கும். பெரிய வேலைக்குப் பேக்கரியே கதி. டிசம்பரில் கேக் மாவைக் கலந்து, தகரத் தட்டில் ஊற்றி, வீட்டுப் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, பேக்கரி அடுப்பில் வேகக் கொடுக்கும் வழக்கம் இப்படி வந்தது. பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் 1885-இல் தொடங்கிய ஸ்மித்ஃபீல்ட் பேக்கரி போன்ற கடைகள் இந்த வாடிக்கையாளர்களை நம்பி வளர்ந்தவை.

ஆங்கிலேயப் பையிலிருந்து ஊர் முழுவதற்கும் பொதுவானது பப்ஸ் ஒன்றுதான். பிசைந்த மாவைத் தேய்த்து, நடுவே கொழுப்பை வைத்து மூடி, மறுபடி தேய்த்து மூன்றாக மடிக்கிறார்கள். ஆறு முறை அப்படி மடித்தால் கொழுப்பு 729 ஏடுகளாகிறது. அடுப்பில் மாவின் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு ஏட்டையும் மேலே தூக்குகிறது. ஈஸ்ட்டுக்கும் சோடாவுக்கும் இங்கே வேலையில்லை. கொழுப்பு கெட்டியாக இருக்கும்வரைதான் இது நடக்கும். வெண்ணெயோ 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். மே மாதப் பகலில் சென்னையின் வெயில் 37 டிகிரியைத் தாண்டும். மடிக்கும்போதே வெண்ணெய் மாவோடு கலந்து, ஏடு ஏடாகப் பிரிய வேண்டியது ஒரே கட்டியாகிவிடும். விடியுமுன் மாவு தேய்ப்பதும், மழை, பனி மாதங்களில் பப்ஸ் நன்றாகப் பொங்குவதும் இதனால்தான். 1937-இல் டால்டா சந்தைக்கு வந்தபின் வனஸ்பதியும், பிறகு பேக்கரிக்கென்றே செய்த கெட்டி மார்ஜரினும் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தன. விலையும் குறைவு, வெயிலும் தாங்கும். வெண்ணெய் வாசனை போனது பெரிய இழப்பு. ஆனாலும் பப்ஸை ஆண்டு முழுதும் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்தது அந்த மாற்றமே. பூரணமும் ஊர்ப்பக்கம் சாய்ந்தது. வெங்காயத்தை மிளகாய்த்தூளோடு சுருள வதக்கி, பாதி அவித்த முட்டையைக் கவிழ்த்து வைக்கும் முட்டை பப்ஸில் ஆங்கிலேய வாடையே கிடையாது.

பேக்கரி போன்ற அடுப்பு இல்லாத வீடுகளில் பூரணம் எண்ணெய்ச் சட்டிக்குப் போனது. தீபாவளிச் சோமாஸுக்கு மைதாவை நெய் விட்டுப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்ந்த பூரணத்தை வைத்து அரைவட்டமாக மடிப்பார்கள். ஓரத்தைச் சோமாஸ் கரண்டியின் பல்சக்கரத்தால் வெட்டலாம். கைப்பழக்கம் உள்ளவர்கள் விரலாலேயே முறுக்கி மூடுவார்கள். மூடல் விட்டால் பூரணம் எண்ணெயில் சிதறிக் கருகும். இந்த வட்டாரத்துத் தெலுங்கு வீடுகளில் இதுவே கஜ்ஜிகாய. யானைகவுனியைத் தாண்டிச் சௌகார்பேட்டைக்குப் போனால் மார்வாடி வீடுகளில் குஜியா, குஜராத்தி வீடுகளில் கூக்ரா. சமோசா இன்னும் நெடுந்தூரம் வந்தது: 14-ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் விருந்தில் பரிமாறப்பட்ட சம்புசக்கைப் பற்றி இபின் பதூதா எழுதியிருக்கிறார். மெல்லிய பட்டியில் வெங்காயம் அடைத்த சின்ன வடிவில் அது இன்று சென்னையின் ரயில்களிலும் விற்பனையாகிறது.

சுதந்திரத்துக்குப்பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தன. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு கால்வாய்ப் படகுப் போக்குவரத்து நலிந்தது. சவுக்கு லாரியில் வரத் தொடங்கியது. பேக்கரிகள் பலவும் டீசல், கேஸ், மின்சார அடுப்புகளுக்கு மாறிவிட்டன. வீட்டுக்கு வீடு சின்ன மின் அடுப்பு வந்தபின், பெயர்ச்சீட்டு ஒட்டிய தட்டுகள் பேக்கரிக்குப் போவதும் குறைந்துபோனது. இங்கேயே இருக்கும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் பழங்களை இன்றும் பல வாரங்களுக்கு முன்பே, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஊறப்போடுகின்றன.