முந்நூறு டாலர் அட்டை: குறைந்த கடன் வரம்பின் வரலாறு

குறைந்த வரம்புக் கடனட்டை என்பது, அட்டைதாரர் நிலுவை வைக்கக்கூடிய தொகையைச் சில நூறு டாலர்களுக்குள் கட்டுப்படுத்தும் அட்டையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இன்று மாணவர்களுக்கும், புதிதாகக் குடியேறியவர்களுக்கும், முன்பு கடன் தவணை தவறியவர்களுக்கும் பெரும்பாலும் முதலில் கிடைப்பது இத்தகைய அட்டைதான். சிறிய பொருள்களை வாங்கி, ஒழுங்காகக் கட்டி, சில மாதங்கள் கழித்து வரம்பை உயர்த்தித் தருமாறு வங்கியைக் கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது. வங்கிக் கடனட்டை பரவத் தொடங்கிய காலத்திலோ சாதாரண மக்களுக்குக் கிடைத்த அட்டைகள் எல்லாமே சிறிய வரம்பு கொண்டவை. அந்த எண்ணை யார், எதைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எழுதப்படாத வரம்பு

கடன் சொல்லிப் பொருள் வாங்குவது அட்டையைவிட மிகப் பழையது. நம் மளிகைக் கடைப் பற்று நோட்டைப் போலவே அமெரிக்கச் சிற்றூர்க் கடைகளிலும் கணக்குப் புத்தகம் இருந்தது. வாடிக்கையாளரின் வேலை, குடும்பம், அறுவடை எல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பது அவர் மனத்தில் இருந்த கணக்கு. அதை எங்கும் எழுதிவைக்கத் தேவையில்லை.

1946இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜான் பிகின்ஸ் என்ற வங்கியாளர், தம் வங்கியைச் சுற்றியிருந்த கடைகளில் மட்டும் செல்லும் ஒரு கடன் முறையைத் தொடங்கினார். 1950இல் வந்த டைனர்ஸ் கிளப் அட்டையில் மாதக் கணக்கை முழுவதும் கட்டிவிட வேண்டும். பாக்கியை வட்டியுடன் அடுத்த மாதத்துக்குத் தள்ளும் சுழல் கடன் பொதுமக்களின் அட்டைக்கு வந்தபோதுதான், 'இதற்கு மேல் இல்லை' என்று எழுதிவைக்கும் எண் இன்றியமையாததாயிற்று. கடன் கொடுப்பவருக்கு இப்போது வாங்குபவரின் முகம் தெரியாது.

பிரெஸ்னோ, 1958

1958 செப்டம்பர் 18 அன்று பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு அஞ்சலில் 'பேங்க்அமெரிகார்டு' அட்டைகளை அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவில்லை. உறையைப் பிரித்தால் உள்ளே பயன்படுத்தத் தயாரான அட்டை. அதில் 300 முதல் 500 டாலர் வரை கடன் வரம்பு. அவ்வாண்டில் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் இடைநிலை வருமானம் ஆண்டுக்குச் சுமார் 5,100 டாலர். ஆகவே 300 டாலர் என்பது மூன்று வார வருமானம். ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கலாம், கார் வாங்க முடியாது.

பிரெஸ்னோவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்நகரக் குடும்பங்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் ஏற்கெனவே அந்த வங்கியின் வாடிக்கையாளர்கள். பெருநகரங்களிலிருந்து தள்ளியிருந்ததால், திட்டம் தோற்றாலும் செய்தி அதிகம் பரவாது என்று கருதினார்கள். திட்டத்தை நடத்திய ஜோசப் வில்லியம்ஸ், கட்டாமல் போகும் கணக்குகள் 4 விழுக்காட்டைத் தாண்டாது என்று மதிப்பிட்டிருந்தார்.

கடையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு

அக்காலத்தில் அட்டைக்கு இரண்டு வரம்புகள் இருந்தன என்பதை இன்றைய வாசகர் எளிதில் மறந்துவிடுவார். ஒன்று, அட்டைதாரரின் கடன் வரம்பு. மற்றொன்று, கடைக்குரிய வரம்பு. அட்டையின் புடைப்பெழுத்துகளைக் கரிப்படித் தாளில் அழுத்திப் பதியும் சிறு கருவி கடையில் இருக்கும். வாங்கும் தொகை கடைக்குரிய வரம்புக்குக் கீழே இருந்தால், கடைக்காரர் சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுவார். மேலே போனால் மட்டுமே வங்கியைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி பெற வேண்டும். வாடிக்கையாளர் கல்லாவின் முன் காத்திருப்பார், பின்னால் வரிசை நிற்கும். அந்த இரண்டு மூன்று நிமிடம் பலருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இதன் விளைவு விசித்திரமானது. சிறு தொகைகளாக வாங்கிக்கொண்டே போனால் 300 டாலர் என்ற சுவர் யார் கண்ணுக்கும் தெரியாது. கடைச் சீட்டுகள் வங்கிக்கு வந்து கணக்கில் ஏறிய பிறகே, வரம்பு எப்போதோ கடந்துவிட்டது என்று தெரியவரும். அட்டையைத் திருடியவர்களும் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

பிரெஸ்னோவோடு நில்லாமல் வங்கி சுமார் ஓராண்டில் கலிபோர்னியா முழுவதும் ஏறத்தாழ 20 இலட்சம் அட்டைகளை இறைத்தது. கட்டாத கணக்குகள் 4 விழுக்காடு அல்ல, 22 விழுக்காடு என்று தெரிந்தது. அதிகாரபூர்வ இழப்பு 88 இலட்சம் டாலர். விளம்பரச் செலவையும் சேர்த்தால் இன்னும் மிகுதி. 1959 இறுதியில் வில்லியம்ஸ் வெளியேறினார். வங்கி வசூல் பிரிவை அமைத்து, பிழைகளைத் திருத்தி, 1961இல் இலாபம் கண்டது. கேட்காதவர்களுக்கு அட்டை அனுப்புவதை அமெரிக்க நாடாளுமன்றம் 1970இல் தடைசெய்தது. 1973இல் கணினிவழி அனுமதி முறை வந்த பின்னர், தொலைபேசிக் காத்திருப்பு படிப்படியாகக் குறைந்தது. வரம்பு உண்மையிலேயே சுவராக மாறியது அப்போதிருந்துதான்.

கேட்டால் யாருக்குக் கொடுத்தார்கள்

வரம்பை உயர்த்தக் கேட்டு வருபவரை எடைபோட்டது நீண்ட காலம் ஓர் அலுவலரின் தனிப்பட்ட கணிப்பே. அந்தக் கணிப்பு எப்படிப்பட்டது என்பதற்குப் பெண்களின் அனுபவமே சான்று. மணமான பெண் தம் பெயரில் கணக்குக் கேட்டால் கணவரின் கையொப்பம் கேட்கப்பட்டது. அவர் வேலைக்குப் போனாலும், குழந்தை பிறந்தால் நின்றுவிடுவார் என்று சொல்லி, அவருடைய வருமானத்தில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்த நிறுவனங்கள் இருந்தன. 1972இல் நுகர்வோர் நிதி பற்றிய தேசிய ஆணையத்தின் விசாரணையில் இவை பதிவாயின. 1974இல் வந்த சமகடன் வாய்ப்புச் சட்டம், பால், மணநிலை ஆகியவற்றின் பேரில் கடன் மறுப்பதைத் தடைசெய்தது. 1976 திருத்தம் இனம், நிறம், மதம், வயது முதலியவற்றையும் சேர்த்ததோடு, மறுத்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. 'வரம்பு உயர்வுக் கோரிக்கை ஏற்கப்படவில்லை' என்று இன்று அமெரிக்காவில் வரும் கடிதம் காரணங்களைப் பட்டியலிடுவது இந்தச் சட்டத்தால்தான். சலிப்பூட்டும் அச்சுக் கடிதம் என்றாலும் அது போராடிப் பெற்றது.

இதற்கிடையே அலுவலரின் இடத்தைக் கணிதம் பிடித்துக்கொண்டிருந்தது. பொறியாளர் வில்லியம் ஃபேர், கணிதவியலாளர் ஏர்ல் ஐசக் இருவரும் 1956இல் நிறுவனம் தொடங்கி, கடன் கொடுக்கும் 50 நிறுவனங்களுக்குத் தம் மதிப்பெண் முறையை விளக்கிக் கடிதம் எழுதினார்கள். ஒரே ஒரு நிறுவனம் பதில் எழுதியது. கடன் வரலாற்று நிறுவனங்களின் தரவிலிருந்து எடுக்கப்படும் ஃபைக்கோ மதிப்பெண் 1989இல் வந்தது.

சிறிய வரம்பின் சிக்கல்

மதிப்பெண் முறை, குறைந்த வரம்பு வைத்திருப்பவருக்குப் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. வரம்பில் எத்தனை பங்கு நிலுவையில் இருக்கிறது என்பதும் மதிப்பெண்ணைப் பாதிக்கும். 10,000 டாலர் வரம்புள்ளவர் 240 டாலருக்குப் பொருள் வாங்கினால் அவர் பயன்படுத்தியது 2.4 விழுக்காடு. 300 டாலர் வரம்புள்ளவர் அதே 240 டாலருக்கு வாங்கினால் 80 விழுக்காடு. இருவரும் அடுத்த மாதம் முழுத் தொகையையும் கட்டிவிடலாம். இருந்தாலும் பட்டியல் நாளன்று இருக்கும் நிலுவையே வழக்கமாகக் கடன் வரலாற்று நிறுவனத்துக்குப் போகிறது. எனவே ஏழை அட்டைதாரர் கடன் நெருக்கடியில் இருப்பவர்போல் தோன்றுவார். இதை அறிந்தவர்கள், பட்டியல் நாளுக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டி நிலுவையைக் குறைக்கிறார்கள்.

கடைகளிலும் சிக்கல் உண்டு. எரிபொருள் நிலையமும் தங்கும் விடுதியும் வாடகைக் கார் நிறுவனமும் உண்மையான கட்டணத்துக்கு முன்பாகவே ஒரு தொகையை முடக்கிவைக்கின்றன. 40 டாலருக்குப் பெட்ரோல் போட வந்தவரின் கணக்கில் நூறு டாலரோ அதற்கு மேலோ சில மணி நேரம் முடங்கலாம். பெரிய வரம்புள்ளவருக்கு இப்படியொன்று நடப்பதே தெரியாது. 300 டாலர் அட்டைக்காரருக்கோ, அடுத்த கடையில் அட்டை மறுக்கப்படும்.

குறைவாகக் கொடுத்துப் பார்த்தல்

1988இல் ரிச்சர்ட் ஃபேர்பேங்க், நைஜல் மோரிஸ் என்ற இரு ஆலோசகர்கள் வர்ஜீனியாவின் சிக்னெட் வங்கியில் சேர்ந்து, வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு வட்டியும் வரம்பும் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். அப்பிரிவே 1990களின் நடுவில் கேபிடல் ஒன் என்ற தனி நிறுவனமாயிற்று. அறியாதவருக்குச் சிறு வரம்பு கொடு, கட்டுகிறாரா என்று பார், கட்டினால் உயர்த்து என்ற நடைமுறை இக்காலத்தில் தொழில் முழுவதும் பரவியது. இதில் சிறு வரம்பு என்பது தகவல் வாங்க வங்கி செலுத்தும் விலை.

உயர்த்தினால் என்ன நடக்கும்? டேவிட் கிராஸ், நிகோலஸ் சோலலெஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, வரம்பு உயர்ந்தால் அந்தக் கூடுதல் தொகையில் சராசரியாக 10 முதல் 14 விழுக்காடு கடனாக மாறுகிறது. வரம்பை எட்டும் நிலையில் இருந்தவர்களிடம் இது மேலும் கூடுதல். ஆனால் வரம்பிலிருந்து வெகு தொலைவில் இருந்தவர்களும் கடனைக் கூட்டினார்கள். வரம்பை உயர்த்தக் கேட்பவர்களும் கேளாமலே உயர்த்தும் வங்கிகளும் நினைவில் வைக்க வேண்டிய முடிவு இது என்பது என் கருத்து.

வரம்பைத் தின்ற கட்டணங்கள்

இவ்வரலாற்றின் மிக மோசமான பகுதி 2000களில் வந்தது. நுகர்வோர் அமைப்புகள் எடுத்துக்காட்டிய ஓர் அட்டையின் வரம்பு 250 டாலர். திட்டக் கட்டணம் 95, கணக்குத் தொடங்கும் கட்டணம் 29, ஆண்டுக் கட்டணம் 48, மாதக் கட்டணம் 6 என 178 டாலர் அட்டையிலேயே ஏற்றப்பட்டது. பொருள் வாங்க எஞ்சியது 72 டாலர். கடைக்குப் போகும் முன்பே அட்டைதாரர் கடனாளி.

2009 மே மாதம் அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட கடனட்டைச் சட்டம், முதலாண்டுக் கட்டணங்கள் தொடக்க வரம்பின் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. கட்டணத்தில் இழந்ததை வட்டியில் பிடிக்க முயன்ற ஒரு வங்கி 2010இல் 79.9 விழுக்காடு வட்டியில் 300 டாலர் அட்டையை வழங்கியது. வரம்பை உயர்த்தும் முன்பு அட்டைதாரரால் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதியே. உயர்வு கேட்கும்போது ஆண்டு வருமானத்தைக் கேட்பது இதனால்தான். இதில் எதிர்பாராத ஒரு சறுக்கல்: விண்ணப்பதாரரின் சொந்த வருமானத்தையே பார்க்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டபோது, சம்பளமில்லாத இல்லத்தரசிகள் மறுபடியும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். 21 வயது நிறைந்தவர்கள் தம்மால் பயன்படுத்த முடிகிற குடும்ப வருமானத்தையும் காட்டலாம் என்று 2013இல் அது திருத்தப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் கடனட்டை 1980களில் வந்தது. கடன் வரலாற்றைத் தொகுக்கும் சிபில் நிறுவனம் 2000இல் அமைந்தது. 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகள், கேட்காத அட்டையை அனுப்புவதையும், அட்டைதாரரின் வெளிப்படையான ஒப்புதலின்றி இருக்கும் அட்டையைத் தரமுயர்த்துவதையும் தடுக்கின்றன. மீறிக் கட்டணம் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி தர வேண்டும். கடன் வரலாறு இல்லாதவர்களுக்கு வைப்புத்தொகையின் பேரில் அட்டை தரும் வழக்கமும் இங்கு உண்டு. வரம்பு அந்த வைப்புத்தொகையைப் பொறுத்தது. வரம்பைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் விண்ணப்பம் எழுதுவதில் பயனில்லை, வைப்பில் இன்னும் கொஞ்சம் பணம் போட வேண்டும்.