யூனிக்ஸ் அஞ்சல் அடைவின் இடமாற்றம்

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில், பயனர்களுக்கு வந்துசேரும் மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் பொது அடைவு 'அஞ்சல் அடைவு' எனப்படும். அதில் ஒவ்வொரு பயனரின் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கும். அந்தக் கோப்பே அவருடைய அஞ்சற்பெட்டி. இந்த அடைவின் இடம் காலப்போக்கில் பலமுறை மாறியுள்ளது. 2000ஆம் ஆண்டில் லினக்ஸ் தரத்தில் செய்யப்பட்ட மாற்றம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பழைய நிரல்கள் எதுவும் முடங்கிவிடாமல் ஒரு பெயரை மாற்ற முடியும் என்பதை அது காட்டியது.

தொடக்க காலம்

1971இல் வெளிவந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே அஞ்சல் அனுப்பும் கட்டளை இருந்தது. அப்போது அஞ்சல், பயனரின் சொந்த அடைவில் உள்ள ஒரு கோப்பில் சேர்க்கப்பட்டது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் அஞ்சற்பெட்டிகள் '/யுஎஸ்ஆர்/ஸ்பூல்/மெயில்' என்ற பொது அடைவில் இருந்தன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யூனிக்ஸ் இந்த வழக்கத்தைப் பின்பற்றியது. ஏடி அண்டு டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸோ '/யுஎஸ்ஆர்/மெயில்' என்ற அடைவைப் பயன்படுத்தியது.

வார் அடைவின் வருகை

1980களில் வட்டு இல்லாத பணிநிலையங்கள் பரவின. 'யுஎஸ்ஆர்' அடைவை வலையமைப்பின் வழியே பல கணினிகள் பகிர்ந்துகொண்டன. அவ்வாறு பகிர்வதற்கு, அதிலுள்ளவை அடிக்கடி மாறாதவையாக இருக்க வேண்டும். அஞ்சல், பதிவேடுகள் போன்றவை நாள்தோறும் மாறுபவை. ஆகவே மாறுவனவற்றுக்கென்று 'வார்' என்னும் தனி அடைவு உருவானது. சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4 '/வார்/ஸ்பூல்/மெயில்' என்ற பாதையைக் கொண்டிருந்தது. பின்னர் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீடு, சோலாரிஸ், 4.4 பிஎஸ்டி ஆகியவை '/வார்/மெயில்' என்ற பாதையைக் கொண்டன.

2000ஆம் ஆண்டின் மாற்றம்

லினக்ஸின் அடைவு அமைப்பை ஒழுங்குபடுத்தும் முதல் தரம் 1994 பிப்ரவரியில் வெளிவந்தது. அது '/வார்/ஸ்பூல்/மெயில்' என்ற பாதையையே ஏற்றிருந்தது. அதன் வழிவந்த 'கோப்பு முறைமைப் படிநிலைத் தரம்' 2.1ஆம் பதிப்பு, 2000 ஏப்ரலில் இதனை '/வார்/மெயில்' என மாற்றியது. ஏனைய யூனிக்ஸ் அமைப்புகள் பெரும்பாலும் அப்பெயருக்கு மாறியிருந்தன. ஒரே அஞ்சல் அடைவை வெவ்வேறு யூனிக்ஸ் கணினிகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. எனவே பெயர் ஒன்றாக இருப்பது தேவையாயிற்று. மேலும் 'ஸ்பூல்' என்பது அடுத்த வேலைக்காகக் காத்திருக்கும் தரவுகளுக்கான இடம். பயனருக்கு வந்துசேர்ந்துவிட்ட அஞ்சல் அந்த வகையில் முழுமையாகப் பொருந்துவதில்லை.

இத்தரம் கவனமான ஒரு வேறுபாட்டைச் செய்தது. அஞ்சல் '/வார்/மெயில்' என்ற பெயரால் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும்; நிரல்களும் அவற்றின் தலைப்புக் கோப்புகளும் அப்பெயரைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் கோப்புகளை உண்மையிலேயே அவ்விடத்துக்கு நகர்த்த வேண்டிய கட்டாயம் இல்லை. நகர வேண்டியது பெயர்தான், பெட்டி அல்ல.

குறியீட்டு இணைப்பும் பூட்டுகளும்

இதைச் சாத்தியமாக்கியது குறியீட்டு இணைப்பு. வேறொரு பாதையைச் சுட்டிக்காட்டும் சிறப்புக் கோப்பாகிய இது, 1983இல் 4.2 பிஎஸ்டியில் இடம்பெற்றது. ஒரு பெயரில் அடைவும் மற்றொரு பெயரில் அதற்கான இணைப்பும் இருந்தால், இரு பெயர்களும் ஒரே இடத்துக்கே இட்டுச்செல்லும்.

இணைப்பு இல்லாமல் இரு அடைவுகள் தனித்தனியே இருந்தால், அஞ்சலைச் சேர்க்கும் நிரல் புதிய இடத்தில் எழுதும். படிக்கும் பழைய நிரல் பழைய இடத்தில் தேடும். அஞ்சல் வந்திருந்தும் பெட்டி காலியாகத் தோன்றும்.

அடைவை இணைக்காமல், பயனர் கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக இணைப்பதும் ஆபத்தானது. ஓர் அஞ்சற்பெட்டியில் எழுதும் நிரல், வேறு நிரல் குறுக்கிடாதபடி அதே அடைவில் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்குவது வழக்கம். அடைவுகள் இரண்டானால் பூட்டுகளும் இரண்டு இடங்களில் அமையும். ஒரு நிரல் வைத்த பூட்டு மற்றொன்றின் கண்ணில் படாது. இரண்டும் ஒரே நேரத்தில் எழுதினால் அஞ்சற்பெட்டி சிதைந்துவிடும். ஆகவே அடைவு முழுவதையும் இணைப்பதே பாதுகாப்பான முறை.

இன்றைய நிலை

புதிதாக நிறுவப்படும் டெபியனில் '/வார்/மெயில்' உண்மையான அடைவு. பழைய பெயர் அதற்கான இணைப்பு. பழைய டெபியன் அமைப்புகளில் அஞ்சல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். புதிய பெயர் இணைப்பாக இருந்தால் போதும் என அதன் கொள்கை ஏடு அனுமதிக்கிறது. ஃபெடோராவில் '/வார்/ஸ்பூல்/மெயில்' உண்மையான அடைவாகவும், '/வார்/மெயில்' இணைப்பாகவும் உள்ளன. இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆயினும் எப்பெயரைக் கேட்கும் நிரலுக்கும் அஞ்சற்பெட்டி கிடைக்கிறது. 1990களில் எழுதப்பட்ட ஒரு நிரல் இன்றும் பழைய பாதையில் தன் அஞ்சலைக் கண்டுகொள்வதற்கு இந்த ஏற்பாடே காரணம்.